டாக்டரிடம் உண்மையைச் சொன்னது என் தவறா?

கேள்வி: எனக்கு 26 வயது. இன்னும் திருமணம் ஆகவில்லை. ஒரு மாதமாக அடிவயிற்றில் வலி, வெள்ளைப்படுதலும் அதிகம். அம்மாவோடு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். டாக்டர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல், வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி குறையவில்லை. போன வாரம் தனியாக வேறொரு டாக்டரிடம் போய், ஒருவரோடு எனக்கு உறவு இருப்பதைச் சொன்னேன். "வீட்டுக்குத் தெரியுமா? படிச்ச பொண்ணு செய்யற வேலையா இது?" என்று திட்டினார். பரிசோதனை செய்துகொள்ளாமலே அழுதுகொண்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னது என் தவறா? உள்பரிசோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடுமாமே, நாளைக்குப் பிரசவத்துக்குப் போகும்போது கணவரிடம் சொல்லிவிடுவார்களா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: நீங்கள் சொன்னது சரி. உங்களைத் திட்டியதுதான் தவறு. ஒரு மகப்பேறு மருத்துவராக எனக்கு அதில் மிகுந்த வருத்தம்.

முதலில் உங்கள் வலியைக் கவனிப்போம். உறவில் இருக்கும் பெண்ணுக்கு அடிவயிற்று வலி என்றால், மாதவிலக்கு தள்ளிப்போகாவிட்டாலும் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். கருக்குழாயில் கரு தங்கியிருந்தால் அது வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்து, கிளமிடியா, கொனோரியா போன்ற தொற்றுகள். கிளமிடியா பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய்கள் அடைபட்டுப் பின்னாளில் குழந்தையின்மையில் கொண்டுபோய் விடும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் ஆன்டிபயாடிக் மாத்திரைகளே போதும். உங்கள் துணைவரும் சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொற்று திரும்ப வரும். முதல் டாக்டர் உங்களைத் தனியாக வைத்துக் கேட்டிருந்தால் இதெல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்வியை வைத்து மருத்துவம் பார்ப்பது நம் ஊரில் பழகிப்போன ஒன்று. வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவதை இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கிறோம். அந்தப் பதிலை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. திருமணமாகாதவர் என்று சீட்டில் எழுதிவிட்டால் கர்ப்பப் பரிசோதனையைக்கூட விட்டுவிடுகிறார்கள். திருமணமானவர் என்று எழுதினாலும் பாதிப்பு உண்டு. கல்யாணமாகிச் சில வருடங்களாகக் குழந்தை இல்லை என்று வரும் பெண்கள் கை நிறைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு வருவார்கள். ஹார்மோன் ஊசிகள்கூடப் போட்டிருப்பார்கள். மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டால், வலியாலும் பயத்தாலும் உடலுறவே நடந்ததில்லை என்பார் அப்படி ஒரு பெண். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். கழுத்தில் தாலி இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை. அந்த நிலையில் அவருக்கு உள்பரிசோதனையும் உட்புற ஸ்கேனும் எவ்வளவு வேதனை கொடுத்திருக்கும்!

கேட்க வேண்டியதை நேராகக் கேட்கலாம். "அம்மா, கொஞ்சம் வெளிய இருங்க. எல்லாரோடயும் ரெண்டு நிமிஷம் தனியா பேசறது என் வழக்கம்" என்று சொல்லிவிட்டு, "இதுவரைக்கும் உடலுறவு இருந்திருக்கா? எந்தப் பரிசோதனை செய்யலாம்னு முடிவு பண்ணத்தான் கேக்கறேன்" என்றால் போதும். மருந்து அலர்ஜி உண்டா என்று கேட்கும் அதே குரலில் கேட்க வேண்டும். அதற்கு மேல் யார், எத்தனை நாளாக, வீட்டுக்குத் தெரியுமா என்று வம்புக்குக் கேட்பதெல்லாம் மருத்துவம் ஆகாது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஒரு பெண் உறவு கொண்டவரா இல்லையா என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. கன்னித்திரை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவித்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் உறவு கொண்டவரா என்று பார்க்கும் இரு விரல் பரிசோதனை செய்பவர்கள் ஒழுங்கீனக் குற்றம் செய்தவர்கள் ஆவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபர் 31 அன்று கண்டிப்பாகச் சொன்னது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், கருக்கலைப்பு உரிமையில் திருமணமான பெண், ஆகாத பெண் என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்திருந்தது.

பிரசவ சமயத்தில் உங்கள் பழைய உறவை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் முன்பு கர்ப்பமோ கருக்கலைப்போ இருந்திருந்தால் அதை மட்டும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ரத்த வகை நெகட்டிவாக இருக்கும் பெண்களுக்கு அது அடுத்த குழந்தையைப் பாதிக்கலாம். வீட்டில் எல்லோரும் புரட்டிப் பார்க்கும் கர்ப்பகால அட்டையில் அதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமை என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. கணவரும் அதற்கு விலக்கில்லை. கருக்கலைப்பு விவரத்தை உரிமையில்லாதவரிடம் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைகூட உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் விஷயத்தில் மட்டும் போக்சோ சட்டத்தின்படி விதிகள் வேறு. உங்களுக்கு அது பொருந்தாது.

இந்த வாரமே வேறொரு டாக்டரைப் பாருங்கள். செலவோ தயக்கமோ தடுத்தால், அரசு மருத்துவமனையில் பால்வினைத் தொற்றுகளுக்கான சுகவாழ்வு மையம் இருக்கிறது. ஆண் மருத்துவர் பரிசோதித்தால் பெண் ஊழியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. காய்ச்சலோ, தலைசுற்றலோ, தோள்பட்டை வலியோ சேர்ந்தால் இரவானாலும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உங்களுக்கு வயது 26. உங்கள் பரிசோதனைக்கு அம்மாவின் கையெழுத்து தேவையில்லை.