காலடியில் செம்மறியாடு

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்குள்ள பழைய தேவாலயங்களில் பித்தளை நினைவுத் தகடுகள் இருக்கின்றனவாமே, எங்கே பார்க்கலாம்?

பதில்: கவசம் அணிந்த வீரர் உருவம் வேண்டுமென்றால் சர்ரேயில் உள்ள ஸ்டோக் டாபர்னன். ஆனால் என் ஓட்டு காட்ஸ்வோல்ட்ஸின் நார்த்லீச்சுக்குத்தான். அங்கே தகடுகளில் நிற்பவர்கள் கம்பளி வியாபாரிகள். 1458இல் இறந்த ஜான் ஃபோர்ட்டியின் காலடியைக் குனிந்து பாருங்கள்: ஒரு கால் செம்மறியாட்டின் மேல், இன்னொன்று கம்பளிப் பொதியின் மேல். அந்த ஆலயத்தின் நடுக்கூடத்தை உயர்த்திக் கட்டியது அவர் பணம்தான். தனக்குச் சோறு போட்டதை மறைக்காத அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சில தகடுகளுக்குப் பின்புறமும் உண்டு. எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோது பெயர்த்தெடுத்த தகடுகளைத் திருப்பிப்போட்டு, வேறொருவர் உருவத்தைச் செதுக்கியிருக்கிறார்கள்.

காகிதம் விரித்துக் கறுப்பு மெழுகால் தேய்த்துப் படியெடுப்பதானால் முன்கூட்டியே ஆலயத்தாரிடம் அனுமதி வாங்குங்கள். சில இடங்களில் தகட்டைக் கம்பளம் மூடியிருக்கும், கேட்டுப் பாருங்கள். கையில் டார்ச் இருக்கட்டும், பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால்தான் தேய்ந்த கோடுகள் துலங்கும்.