கூடிக் கேட்போம் வாருங்கள்

பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவியர்

ஊர் கூடித் தேர் இழுப்பதை நாம் அறிவோம். ஊர் கூடிப் பாட்டுக் கேட்டதை நம் பாட்டிமார் அறிவர். இன்றோ ஒரு வீட்டில் நால்வர் இருந்தால் நான்கு கைப்பேசி, நான்கு இயர்போன், நான்கு பாட்டு! அருகில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை.

பிரிந்து கேட்கும் இக்காலத்தில் மீண்டும் சேர்ந்து கேட்க வழி உண்டா? இதையே எங்கள் கணினி ஆசிரியை இவ்வாண்டு எங்களுக்குச் செயல்திட்டமாகத் தந்தார். "இணையம் வழியே பாட்டுத் தரும் செயலியில், பலர் சேர்ந்து கேட்பதற்கான ஒரு பகுதியை வடிவமையுங்கள். நிரல் எழுத வேண்டாம், தாளில் வரைந்தால் போதும்" என்றார். எளிது என்றே எண்ணினோம். எவ்வளவு கடினம் என்பதையும், நாங்கள் எங்கே தவறினோம் என்பதையும் பெற்றோருக்கும், அருட்சகோதரியருக்கும், தோழியருக்கும் சொல்லவே இக்கட்டுரை.

முன்னோர் கேட்ட விதம்

முதலில் பழையதைப் படித்தோம். 1924ஆம் ஆண்டில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பாரின் முயற்சியால் சென்னையில் ஒரு வானொலிக் கழகம் தொடங்கியது. பணமுடையால் அது 1927இல் நின்றுபோக, அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சிக்கு வந்தது. 1930 ஏப்ரல் முதல் நாளில் மாநகராட்சியே ஒலிபரப்பைத் தொடங்கிற்று. வானொலிப் பெட்டி வாங்க வசதியற்ற மக்கள், மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கியின் கீழ் அமர்ந்து மாலை வேளையில் இசை கேட்டனர். எல்லாரும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்டனர். ஆனால் இன்ன பாட்டு வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு வாய்ப்பில்லை.

அந்த வாய்ப்பை நேயர் விருப்ப நிகழ்ச்சிகள் தந்தன. இலங்கை வானொலிக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு, தம் பெயர் வாசிக்கப்படும் நாளுக்காக எங்கள் பாட்டிமார் வாரக்கணக்கில் காத்திருந்தார்களாம். 1957 அக்டோபர் 3இல் தொடங்கிய விவித் பாரதியும் அவ்வாறே நேயர் கடிதங்களால் செழித்தது. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜும்ரி திலையா என்னும் அபிரகச் சுரங்க ஊர், அங்கிருந்து குவிந்த விருப்பக் கடிதங்களாலேயே நாடெங்கும் பெயர் பெற்றது! பாட்டுக்கு முன்னே கேட்டவர் பெயரும் ஊரும் வந்தன அல்லவா? முகம் தெரியாதவர்களையும் அந்த ஒரு வரி உறவாக்கியது.

இணையக் காலத்திலும் இம்முயற்சி புதிதன்று. 2011இல் அமெரிக்காவில் டர்ன்டேபிள் என்னும் இணைய அரங்கு பிறந்தது. ஐந்து பேர் வரை மேடையேறி முறை வைத்துப் பாட்டுப் போடுவர். மற்றவர் கேட்டு வாக்களிப்பர். 2013இல் அது மூடப்பட்டது. பெருந்தொற்றால் உலகமே வீட்டில் அடைபட்டிருந்த 2020இல் ஸ்பாட்டிஃபை நிறுவனம் குழுவாகக் கேட்கும் வசதியைத் தந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் ஷேர்பிளே 2021இலும், ஸ்பாட்டிஃபையின் ஜாம் 2023இலும் வந்தன.

ஒரே நேரத்தில் கேட்பது எப்படி?

ஆசிரியையின் கைப்பேசியையும் தலைமையாசிரியை சிஸ்டரின் கைப்பேசியையும் கேட்டு வாங்கி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி ஒரே பாட்டை இரண்டிலும் தொடங்கினோம். கிணற்றுக்குள் பாடியது போல் எதிரொலித்தது! வகுப்பே சிரித்தது. விரல்கள் ஒன்றாக அழுத்தினாலும் பாட்டு ஒன்றாகத் தொடங்கவில்லை. ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். பத்தில் ஒரு விநாடி பிந்தினாலும், அந்தக் கைப்பேசி 34 மீட்டர் தொலைவிலிருந்து பாடுவது போன்றதே.

ஒருவர் கைப்பேசியிலிருந்து மற்றவர் கைப்பேசிக்குப் பாட்டை அனுப்புவதாக நாங்கள் நினைத்திருந்தோம். இணையம் வழியே சேர்ந்து கேட்கையில் அது தேவையில்லை. ஒவ்வொரு கைப்பேசியும் தன் பாட்டை நிறுவனத்தின் சர்வரிலிருந்து தானே பெற்றுக்கொள்ளலாம். அவற்றுக்கிடையே செல்ல வேண்டியது, "இன்ன பாட்டு, இத்தனையாவது விநாடி" என்ற சிறு செய்தி மட்டுமே.

அச்செய்தி வந்து சேரவும் நேரமாகுமே! அதற்கு ஓர் அழகான கணக்கு உண்டு. கைப்பேசி சர்வரிடம், "பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது?" என்று கேட்கிறது. 0.2 விநாடி கழித்து, "60ஆவது விநாடியில்" என்று விடை வருகிறது. போக 0.1, வர 0.1 விநாடி ஆகியிருக்கும் என்று கொண்டால், விடை வந்து சேரும்போது பாட்டு 60.1ஆவது விநாடியில் இருக்கும். போகும் நேரமும் வரும் நேரமும் சமமாக இல்லாவிட்டால் கணக்குத் தவறும். ஆகவே பலமுறை கேட்டு, மிக விரைவில் வந்த விடையை எடுத்துக்கொள்வது நலம். அடுத்த பாட்டுக்கு, "இப்போதே தொடங்கு" என்று சொல்லாமல், "10 மணி 5 விநாடிக்குத் தொடங்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதற்குள் எல்லாக் கைப்பேசிகளும் பாட்டின் தொடக்கத்தைப் பெற்றுத் தயாராகிவிடும்.

யாருடைய பாட்டு?

நேரக் கணக்கு தீர்ந்ததும் வேலை முடிந்தது என்று மகிழ்ந்தோம். உண்மையில் அப்போதுதான் தொடங்கியது.

மத்திகிரியின் தெருவில் சிறிது தூரம் நடந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். ஓசூர்த் தொழிற்சாலைகளை நாடி வந்த குடும்பங்களால் இந்தியும் போஜ்புரியும் சேர்ந்துகொண்டன. எங்கள் வகுப்பும் அப்படித்தான். பத்துப் பேர் வட்டமாக அமர்ந்தோம். அவரவர் விரும்பும் பாட்டைச் சீட்டில் எழுதி நடுவில் வைக்க வேண்டும். முதலில் வைத்த சீட்டு முதலில். ஆசிரியையின் கைப்பேசி ஒவ்வொன்றாகப் பாடும். இதுவே எங்கள் முதல் சோதனை.

இரண்டு பேர் விறுவிறுவென்று ஐந்தைந்து சீட்டுகளை வைத்துவிட்டார்கள்! அந்தப் பாட்டுகள் முடிவதற்குள் மணி அடித்தது. பீகாரிலிருந்து பெற்றோருடன் வந்து எங்களோடு படிக்கும் தோழி ஒருத்தி, தன் சீட்டை மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். நாங்கள் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஆசிரியை கவனித்தார்.

மறுநாள், "வாக்கெடுப்பு வைப்போம், அதுதான் நியாயம்" என்றோம். ஆசிரியை கரும்பலகையில் எழுதினார்: தமிழ்ப் பாட்டு விரும்புவோர் 6, தெலுங்கு 2, கன்னடம் 1, போஜ்புரி 1. ஒவ்வொரு பாட்டுக்கும் வாக்கெடுத்து, அறுவரும் தமிழுக்கே கை தூக்கினால், பத்துப் பாட்டில் எத்தனை தமிழ்? ஆறு என்று நினைத்தோம். இல்லை, பத்தும் தமிழே! நான்கு பேர் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் பாட்டு வராது. வாக்கெடுப்பு எல்லா இடத்திலும் நியாயம் ஆகாது என்பதை அன்று கற்றோம்.

விடை எங்கள் தெருக்குழாயில் இருந்தது. தண்ணீர் வரும் நாளில் குடங்களை வரிசையாக வைக்கிறோம். வீட்டுக்கு ஒரு குடம். அது நிரம்பிய பிறகு, அடுத்த குடத்தை வரிசையின் கடைசியில்தான் வைக்கலாம். வைத்தவர் அடுப்பைப் பார்க்க உள்ளே போனாலும் குடம் அவர் இடத்தைக் காக்கும். இதையே செயலிக்கும் விதியாக்கினோம். ஒருவருக்கு ஒரு பாட்டு. எல்லாருக்கும் ஒருமுறை வந்த பிறகே மறுமுறை. யார் முதல் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். இப்போது பத்துப் பாட்டில் தமிழ் 6, தெலுங்கு 2, கன்னடம் 1, போஜ்புரி 1.

பிடிக்காத பாட்டைத் தள்ளிவிட ஒரு பொத்தான் வேண்டும் என்று சிலர் கேட்டனர். டர்ன்டேபிளில் போதிய பேர் எதிர்த்து வாக்களித்தால் பாட்டு நின்றுவிடும். நெடுநேரம் வாதாடி, அதை நாங்கள் சேர்க்கவில்லை. தன் பாட்டைத் தோழியர் பாதியில் நிறுத்துவதைப் பார்ப்பவள் மறுமுறை சீட்டு எழுதுவாளா? போட்டவரே தம் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். தகாத பாட்டானால், கூட்டத்தைத் தொடங்கிய பெரியவர் நிறுத்தலாம். அவ்வளவே.

இலங்கை வானொலியிடமிருந்தும் ஒன்றைக் கடன் வாங்கினோம். பாட்டுக்கு முன் கேட்டவர் பெயரும், அதை ஏன் கேட்டார் என்ற ஒரு வரியும் திரையில் வரும்.

மூன்றாம் நாள் சோதனையில் அந்தத் தோழியின் முறை வந்தது. சீட்டில் அவள் எழுதியிருந்த வரி: "ஊரில் நாற்று நடும்போது என் அம்மா பாடுவது." மொழி எங்களுக்குப் புரியவில்லை. ஆயினும் ஒருவரும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும், "எங்க ஆயா வீட்டிலும் நடவுப் பாட்டு உண்டு" என்று ஒருத்தி தொடங்கினாள். அன்று மிச்ச நேரம் பாட்டைவிடப் பேச்சே அதிகம்.

யார் பார்க்கலாம்?

பெற்றோர் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். 2011 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபை, ஃபேஸ்புக்குடன் இணைக்கப்பட்டது. தாம் கேட்பதெல்லாம் நண்பர்களுக்குத் தெரிகிறதே என்று பலர் முறையிடவே, பிறர் அறியாமல் கேட்கும் வசதி விரைவில் சேர்க்கப்பட்டது. சேர்ந்து கேட்பது ஒன்று. வேவு பார்க்கப்படுவது வேறு. 2023இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும், சிறுவரின் நடத்தையைப் பின்தொடர்தல் கூடாது என்றும் வகுத்துள்ளது.

எங்கள் வடிவத்தின் விதிகள்

1. அழைப்புப் பெற்றவர் மட்டுமே சேரலாம். இருப்பவர் யார் யார் என்பது எல்லாருக்கும் தெரியும்.
2. ஒருவருக்கு ஒரு பாட்டு. பிறகு வரிசையின் கடைசி.
3. பாட்டுக்கு முன் பெயரும் காரணமும்.
4. இணைப்பு அறுந்தாலும் அவர் இடம் வரிசையில் இருக்கும்.
5. கூட்டம் கலைந்தால் பட்டியலும் அழியும். வைத்துக்கொள்ள விரும்புபவர் தம் பாட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் விதியைப் பற்றி ஒரு சொல். ஷிப்டு முடிந்து வரும் தந்தையின் கைப்பேசிக்காகக் காத்திருக்கும் தோழியர் எங்களுள் பலர். இணைப்பு நல்லவர்க்கே வரிசை என்றால், அது குழாயடியைவிடத் தாழ்ந்ததாகிவிடும்.

திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்தார். பாட்டு மட்டுமன்று, பக்கத்தில் இருப்பவரையும் கேட்கத் தெரிய வேண்டும் என்பதை இச்செயல்திட்டம் எங்களுக்கு உணர்த்தியது. எங்கள் வடிவம் இன்னும் தாளில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குச் செயலி தேவையில்லை. இன்றிரவு வீட்டில் ஒரு கைப்பேசியை நடுவில் வைத்து, ஆளுக்கொரு பாட்டு என்று தொடங்கிப் பாருங்கள். முதல் முறையைப் பாட்டிக்குக் கொடுங்கள். ஏன் அந்தப் பாட்டு என்று கேட்கவும் மறவாதீர்கள்!