உறவினரின் உழைப்புக்கும் விலை உண்டு



கடைக்கு உறவினர் ஒருவர் வருகிறார். வேண்டிய சாமான்களைக் கட்டித் தரச் சொல்லிவிட்டு, "மச்சான், எழுதிக்கொள்ளுங்கள், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லிச் செல்கிறார். அந்தப் 'பிறகு' வருவதேயில்லை. கேட்டால் உறவு கெடும். கேளாவிட்டால் முதல் கெடும். இந்தச் சங்கடத்தை அனுபவியாத வியாபாரி நம்மில் அபூர்வம். ஆகையால் ஓர் உறவினரின் தொழிலை இன்னோர் உறவினர் எவ்வாறு மதிக்க வேண்டும் என்பதை மற்றவர்களைவிட நாமே நன்கு உணரக்கூடியவர்கள்.

இக்காலத்தில் நம் குடும்பத்துப் பிள்ளைகளில் சிலர் கடைத்தொழிலுக்கு வராமல், படம் பிடிப்பதையே பிழைப்பாகக் கொண்டிருக்கிறார்கள். நிக்காஹ், பெருநாள், ஊரிலிருந்து பெரியவர்கள் வரும் சமயம், ஹஜ்ஜுக்குப் புறப்படும் நாள் ஆகியவற்றில் குடும்பத்தார் அனைவரையும் சேர்த்துப் படம் எடுத்து வைக்க ஆசைப்படுவது இயல்பு. உடனே தங்கை மகனுக்குச் செய்தி போகிறது: "மாமா வீட்டு விசேஷம், கேமராவை எடுத்துக்கொண்டு வந்துவிடு." கூலியைப் பற்றிப் பேச்சே இல்லை. வேலை முடிந்ததும் பிரியாணி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளையும் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. இது நியாயமா என்பதே நாம் இங்கு ஆராயும் விஷயம். படம் பிடிப்பதைப் பற்றிய மார்க்கச் சர்ச்சை வேறு; அதற்குள் நாம் செல்லவில்லை.

"ஒரு பொத்தானை அழுத்துவதற்கு இவ்வளவு வெள்ளியா?" என்று சிலர் கேட்பர். அடக்க விலை தெரியாதவர் கேட்கும் கேள்வி இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேமரா, லென்சு, விளக்கு, கம்ப்யூட்டர் ஆகியவற்றில் ஒருவர் 12,000 வெள்ளி முதல் போட்டதாகவும், அவை 4 ஆண்டுகள் உழைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,000 வெள்ளி தேய்மானம். ஆண்டில் 60 வேலைகள் கிடைத்தால், வேலை ஒன்றுக்கு 50 வெள்ளி அந்தச் சாமான்களுக்கே போய்விடுகிறது. அதன்மேல் பெட்ரோல், டோல், படத்தைத் தாளில் அச்சிட்டு பிரேம் போடும் செலவு. வீட்டில் 2 மணி நேரம் எடுத்த படங்களில் நல்லவற்றைப் பொறுக்கி, நிறமும் வெளிச்சமும் திருத்துவதற்குப் பின்னும் பல மணி நேரம் பிடிக்கும். விசேஷ நாட்களில்தான் அவருக்கு வெளியார் வேலையும் வரும். அதையும் விட்டுவிட்டே வருகிறார். ஆகவே கூலி கொடாமல் அனுப்புவது அவருடைய லாபத்தை மட்டுமன்றி முதலையும் கரைப்பதாகும்.

இதைப் பற்றி நூல்களும் சட்டமும் கூறுவதைக் கவனிப்போம். உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை, ஹனஃபி மத்ஹபைத் தழுவிக் கொடுக்கல் வாங்கல் சட்டங்களை 'மஜல்லா' என்ற பெயரில் தொகுத்தது. அதன் மலாய் வடிவம் நமது ஜொகூரில் 1913-ஆம் ஆண்டில் 'மஜல்லா அஹ்காம் ஜொகூர்' என வெளிவந்தது. மஜல்லாவின் 563-ஆம் பிரிவின் கருத்து இதுவே: ஒருவர் கேட்டுக்கொண்டபடி மற்றவர் கூலி பேசாமல் வேலை செய்தால், அவர் கூலிக்கு வேலை செய்பவராக இருப்பின் அவ்வேலைக்குரிய வழக்கமான கூலி அவருக்கு உண்டு, அப்படிப்பட்டவர் அல்லரெனில் இல்லை. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர் வேறு, அதனால் பிழைப்பவர் வேறு என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

ஷாஃபிஈ மத்ஹபில் இதுபற்றி அபிப்பிராய பேதம் உண்டு. கூலி பேசாமல் தையற்காரரிடம் துணி கொடுத்தவரின் விஷயத்தை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் எடுத்துக் கூறுகிறார்கள். கூலி இல்லை என்பது முதல் தீர்ப்பு. அத்தொழிலில் அறியப்பட்டவராயின் கூலி உண்டு என்ற அபிப்பிராயமும் அங்கேயே கூறப்பட்டுள்ளது. இதில் நமக்குப் பாடம் என்ன? பேசாமல் விட்டால் உழைத்தவரின் உரிமை சந்தேகத்தில் விழுகிறது. பேசிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

நாட்டுச் சட்டமும் இவ்வழியே செல்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு. இந்தியாவின் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 70-ஆம் பிரிவும் இவ்வாறே. ஆனால் மாமனும் மருமகனும் கோர்ட்டு வாசல் ஏறுவது அழகல்ல. ஆகையால் முன்கூட்டியே செய்ய வேண்டியவை இவை:

1. அழைக்கும்போதே, "வெளியாரிடம் என்ன வாங்குகிறாய்?" என்று மூத்தவரே கேட்க வேண்டும். இளையவர் தாமாகக் கேட்கமாட்டார்.

2. அவர் சொல்லும் அந்தத் தொகையே நியாய விலை. குறைத்துக்கொள்வது அவருடைய விருப்பம். குறைக்கச் சொல்வது நம்முடைய உரிமையல்ல. "கூலி வேண்டாம், என் அன்பளிப்பு" என்று மனமாரச் சொன்னால் ஏற்கலாம். அப்பொழுதும் அச்சு, பிரேம், பயணச் செலவுகளைக் கொடுத்துவிட வேண்டும்.

3. நாள், படங்களின் எண்ணிக்கை, அளவு, ஒப்படைக்கும் தேதி, தொகை ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். தவணைக் கடனை எழுதிவைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. எழுதுவது அவநம்பிக்கை ஆகாது.

4. பெருநாள் பணத்தையும் முன்பு செய்த உதவிகளையும் கூலியில் கழிக்கக் கூடாது. அன்பளிப்பு வேறு, கூலி வேறு.

5. படம் கைக்கு வந்த அன்றே பணமும் கைமாற வேண்டும். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை.

படம் பிடிப்பவருக்கும் கடமைகள் உண்டு. உறவினர் வேலைதானே என்று அலட்சியம் காட்டுவதும், வெளியார் வேலையை முடித்துவிட்டு மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் தவறு. விலையைக் கூசாமல் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு கூட்டக் கூடாது. நம் வீட்டுப் பெண்கள் உள்ள படத்தைக் கேளாமல் கடை முகப்பிலோ பேஸ்புக்கிலோ போடலாகாது. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், சொல்லிச் செய்வித்த படத்தின் உரிமை செய்வித்தவரையே சேரும். மாதிரிக்கு ஒரு படம் வேண்டுமாயின் முன்பே கேட்டு அனுமதி பெறட்டும்.

உறவைக் காட்டிக் கூலியைத் தட்டிக்கழித்தால், நாளடைவில் அந்தப் பிள்ளை குடும்ப விசேஷங்களுக்கு வருவதையே தவிர்ப்பார். கூலியும் போய், உறவும் போய்விடும். உரியதைக் கொடுத்தாலோ தொழிலும் வளரும். அடுத்த விசேஷத்தில் அவரும் மனமகிழ்ச்சியோடு வந்து நம்மோடு அமர்வார். வல்ல அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.