வைத்தியர், மனைவி, தாய்: அர்ச். ஜியான்னம்மாள்



"உத்தியோகமும் பார்த்து, அடுப்படியும் பார்த்து, பிள்ளைகளையும் கவனிக்கிறவளுக்கு ஞான ஜீவியத்திற்கு நேரம் ஏது, சுவாமி?" என்று நம் தாய்மார் கேட்பதுண்டு. சோம்பலினால் அல்ல, களைப்பினால் பிறக்கிற கேள்வி இது. ஆகையால் இதற்குத் தக்க மறுமொழி சொல்ல வேண்டியது குருக்களாகிய எங்கள் கடமை. ஏப்ரல் 28-ம் தேதி திருநாளாகக் கொண்டாடப்படும் ஒரு தாயின் சரித்திரமே அந்த மறுமொழி.

1. வீடே முதல் பள்ளிக்கூடம்

ஜியான்னா பெரெத்தா 1922-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, இத்தாலி தேசத்தில் மிலான் நகருக்கு அருகிலுள்ள மஜெந்தா என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோருக்கு 13 பிள்ளைகள். இவர் 10-வது பிள்ளை. தாயும் தகப்பனும் அர்ச். பிராஞ்சீஸ்கு அசிசியாரின் மூன்றாம் சபையினர். நாள்தோறும் பூசை காண்பது, இரவில் குடும்பமாய்ச் செபமாலை சொல்வது, வீண்செலவின்றி ஏழைகளை நினைப்பது, இவை அவ்வீட்டின் வழக்கம். 1942-ல் சில மாத இடைவெளியில் தாயும் தகப்பனும் இறந்தார்கள். ஆனால் அவர்கள் விதைத்தது சாகவில்லை. பிள்ளைகளில் இருவர் குருக்களானார்கள். ஒருத்தி கன்னியாஸ்திரீயாகி, வைத்தியராக நம் இந்தியாவிலே ஊழியம் செய்தார்.

2. உத்தியோகம் ஓர் அழைத்தல்

ஜியான்னா 1949-ல் பாவியா சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு மேசெரோ என்னும் சிற்றூரில் வைத்தியசாலை திறந்தார். 1952-ல் மிலானில் குழந்தை வைத்தியத்திலும் தேர்ச்சி பெற்றார். தாய்மார், சிசுக்கள், முதியோர், ஏழைகள், இவர்களே அவருடைய விசேஷ கவலை. நோயாளியின் சரீரத்தைத் தொடுகிற வைத்தியர் கிறிஸ்துநாதரையே தொடுகிறார் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

பிரேசில் தேசத்தில் வேதபோதகராயிருந்த தம் சகோதரரான கப்புச்சின் குருவுக்கு உதவியாய்ப் போக விரும்பினார். தேகபலம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே வெகுநாள் ஜெபித்து, ஆலோசனை கேட்டு, விவாகமே தமக்குச் சர்வேசுரன் குறித்த வழி என்று தெளிந்தார். விவாகத்தை அவர் இரண்டாந்தரமான பாதையாய் எண்ணவில்லை என்பதைக் கவனியுங்கள்.

3. மனைவியும் தாயும்

1955-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி பியேத்ரோ மோல்லா என்ற இஞ்சினீயரை மணந்தார். 1956, 1957, 1959 ஆகிய ஆண்டுகளில் ஓர் ஆணும் இரண்டு பெண்களுமாக மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அவர் வைத்தியத் தொழிலை விட்டுவிடவில்லை, வீட்டையும் விடவில்லை. வேலை நிமித்தம் கணவர் அயல்நாடு போனபோது இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பின்னாளில் அச்சேறின.

இன்னொன்று: அவர் முகவாட்டமுள்ள பக்திக்காரி அல்ல. மலையேறுவார், பனிச்சறுக்கு விளையாடுவார், படம் வரைவார், நேர்த்தியாய் உடுத்துவார். தாம் ஓர் அர்ச்சியசிஷ்டவளோடு வாழ்ந்ததை அந்நாளில் தாம் அறியவில்லை என்று கணவரே பிற்காலத்தில் சொன்னார். பரிசுத்தம் அவ்வளவு சாதாரணமான உடையில் அந்த வீட்டில் நடமாடியது.

4. சோதனை வேளை

1961 செப்டம்பரில், நான்காம் முறை கர்ப்பமாயிருந்த இரண்டாம் மாதத்தில், கர்ப்பப்பையில் ஒரு கட்டி காணப்பட்டது. வைத்தியர்கள் மூன்று வழி கூறினர்: கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது, கருவை அழித்துக் கட்டியை எடுப்பது, கட்டியை மாத்திரம் எடுத்துக் குழந்தையை விட்டுவைப்பது.

இரண்டாம் வழி பாவம். முதல் வழி அப்படியல்ல. உயிருக்கு ஆபத்தான நோயுள்ள உறுப்பைத் தாயைக் காப்பதற்காக அகற்றும்போது, குழந்தையின் மரணம் நாடப்படாமல் நேரிட்டால், அது குற்றமல்ல என்பது திருச்சபையின் போதகம். ஆகையால் ஜியான்னம்மாள் மூன்றாம் வழியைத் தெரிந்துகொண்டது கட்டாயத்தினால் அல்ல, சிநேகத்தினால். வைத்தியராகையால் ஆபத்தின் அளவு அவருக்கு நன்றாய்த் தெரியும். சாவை அவர் தேடவில்லை. இருவரும் பிழைக்க வேண்டுமென்றே மன்றாடினார். ஒருவரையே காப்பாற்ற முடியுமானால் குழந்தையைக் காப்பாற்றும்படி கேட்டுக்கொண்டார்.

1962 ஏப்ரல் 21, பெரிய சனிக்கிழமையன்று, மோன்சா ஆஸ்பத்திரியில் ரணசிகிச்சையால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பின்பு தாயின் வயிற்றினுள் கிருமி பரவி, கொடிய வேதனை உண்டாயிற்று. ஏழு நாள் கழித்து, ஏப்ரல் 28-ந் தேதி காலையில், தம் வீட்டிலேயே உயிர் துறந்தார். வயது 39.

வீட்டின் துயரம் அத்தோடு முடியவில்லை. 1964-ல் மூத்த மகள் ஆறு வயதில் மரித்தாள். பியேத்ரோ நிலைகுலையாமல் மற்றப் பிள்ளைகளை வளர்த்தார். 1994-ல் முத்திப்பேறு பட்டமும், 2004 மே 16-ந் தேதி அர்ச்சியசிஷ்ட பட்டமும், பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அளித்தார். கணவரும் பிள்ளைகளும் உரோமையில் அதைக் கண்ணாரக் கண்டார்கள். அன்று காப்பாற்றப்பட்ட குழந்தை ஜியான்னா எம்மானுவேலா, தாயைப் போலவே வைத்தியரானார்.

5. வீட்டில் கேட்டுப் பேச வேண்டியவை

கேள்வி: ஜியான்னம்மாள் கடைசி வாரத்தில்தான் அர்ச்சியசிஷ்டவள் ஆனாரா?
விடை: இல்லை. 39 வருஷம் சிறிது சிறிதாய்க் கொடுக்கப் பழகியவர், கடைசியில் முழுவதையும் கொடுத்தார். பழகாத கை ஆபத்து வேளையில் திடீரென்று திறவாது.

கேள்வி: நியாயமான சிகிச்சையை ஏற்றுக்கொண்டு, அதனால் குழந்தையை இழந்த தாய் குறைந்தவளா?
விடை: அல்ல. அவளைப் பற்றிக் குறைபேசுவது பிறர்சிநேகத்திற்கு விரோதம். அவள் துயரத்தில் பங்குகொள்வதே நம் கடமை.

கேள்வி: தாய் பரிசுத்தவதியாவது தாயின் பொறுப்பு மாத்திரமா?
விடை: இல்லை. ஜெபிக்கிற பெற்றோரும், தோள்கொடுக்கிற கணவரும் ஜியான்னம்மாளுக்கு இருந்தார்கள். மனைவி வேலைக்கும் போய், சமைத்து, துவைத்து, பிள்ளைக்குப் பாடமும் சொல்லிக்கொடுக்க, கணவன் திண்ணையில் உட்கார்ந்து, "நீ ஏன் செபமாலை சொல்வதில்லை?" என்று கேட்பது நியாயமல்ல.

இவ்வாரப் பயிற்சி

தகப்பன்மாரும் வளர்ந்த பிள்ளைகளும் நாள்தோறும் மாலையில் ஒரு வீட்டுவேலையை ஏற்று, தாய்க்கு அரைமணி ஓய்வு கொடுங்கள். பின்பு குடும்பமாய் முழந்தாளிட்டு, ஒரு பத்துமணியாவது ஒன்றாய்ச் செபியுங்கள். தாயை இழந்தவர்கள், அவள் கைப்பட்ட ஒரு நன்மையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவள் ஆத்துமத்திற்காக ஒரு பூசை காணுங்கள்.

அர்ச். ஜியான்னம்மாளே, உழைத்துக் களைத்த எங்கள் தாய்மாருக்காகவும், பிரசவ வேதனையிலிருக்கும் சகல ஸ்திரீகளுக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.

உங்கள் பங்குக் குரு