கலைஞர் எழுப்பிய ஊர்

திருக்கழுக்குன்றத்து வேதகிரி மலையில், பாறையைக் குடைந்து அமைத்த கோயில் ஒன்று உண்டு. ஒருகல் மண்டபம் என்பது அதன் பெயர். செங்கல்லும் மரமும் வேண்டாது, பாறைக்குள்ளேயே தூணும் கருவறையும் கண்ட பல்லவர் காலத்துச் சிற்பியரின் உளித்திறம் அங்கு விளங்குகின்றது.

அங்கிருந்து கிழக்கே கடற்கரையை அடைந்தால் மாமல்லபுரம் தோன்றும். அவ்வூரில் சிற்பக்கலை மண்டபத்தினுள் அடங்காது வெட்டவெளிக்கே வந்துவிட்டது. ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள பெரும்பாறையில் தேவரும் முனிவரும் யானைகளும் அணிவகுத்து நிற்கின்றனர். தவக்கோலம் பூண்ட பூனையையும், அதன் அருகே அஞ்சாது திரியும் எலிகளையும் கண்டு நகையாதார் இலர். அப்பாறைக்குக் கதவில்லை, காவற்கூடமில்லை. வேந்தன் கண்டு மகிழ்ந்த சிற்பத்தை வலைஞனும் கண்டு மகிழ்ந்திருப்பான். பொதுவிடத்தில் அமையும் கலையின் பெருமை இதுவேயன்றோ?

ஆயினும், அவ்வூரைச் சுற்றிவருவோர் மற்றொன்றையும் காண்பர். அங்குள்ள குடைவரைகளிலும் இரதங்களிலும் முற்றுப்பெறாதவை பல. உளிபட்ட தழும்போடு அவை அப்படியே நிற்கின்றன. அதற்குக் காரணம் யாதாயினும் ஆகுக. பிறர் பொருளை நம்பி நடக்கும் கலைப்பணி, அப்பொருள் நின்றவிடத்துத் தானும் நின்றுபோகும் என்பது உலகறிந்த உண்மை. அங்ஙனமாயின், புரவலர் இல்லாத காலத்தில் கலைஞன் என்செய்வான்?

இவ்வினாவிற்கு அதே கடற்கரை விடை தந்துள்ளது. மாமல்லபுரத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் சாலையில் ஈஞ்சம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. அங்கு 1966ஆம் ஆண்டில் தோன்றியதே சோழமண்டலம் என்னும் கலைஞர் சிற்றூர். அதனை நிறுவ முன்னின்றவர் கே. சி. எஸ். பணிக்கர் என்னும் ஓவியர். சென்னை அரசு கலைப்பள்ளியின் தலைவராக விளங்கிய அவர், தம் மாணவர் நிலையை எண்ணி வருந்தினார். ஆண்டுக்கணக்கில் ஓவியமும் சிற்பமும் பயின்றோர், பிழைப்பின் பொருட்டு வேறு தொழிலை நாடித் தம் கலையைக் கைவிட நேர்ந்தது. வாங்குவோர் விருப்பத்திற்கு வரைந்தால் உரிமை போம். உரிமையைப் போற்றினால் உணவு போம். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழி தேடினார் பணிக்கர்.

அவ்வழி கைத்தொழிலே ஆயிற்று. கலைஞர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். தம் காலத்தைப் பகுத்து, ஒரு பகுதியைக் கைவினைக்கும் எஞ்சியதைத் தம் கலைக்கும் ஈந்தனர். பாத்திக் என்னும் சாயத்துணி அவர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது. உருக்கிய மெழுகால் துணியில் உருவம் வரைந்து, சாயத்தில் தோய்த்து, பின்னர் மெழுகை நீக்குவர். மெழுகு படிந்த இடம் சாயம் ஏறாது நிற்க, உருவம் பளிச்செனத் தோன்றும். இத்தகைய பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டே ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினர். கடலோரத்து மணற்பரப்பில் வீடுகளும் பணிக்கூடங்களும் எழுந்தன. மன்னன் ஈந்த மானிய நிலமன்று அது. கலைஞர்தம் கைகள் ஈட்டிய நிலம்.

அவ்வூரின் சிற்பங்கள் மரநிழலிலும் வெட்டவெளியிலும் நிற்கின்றன. கல்லே அன்றிச் செம்புத் தகடும் பிற உலோகங்களும் அங்கே உருவம் பெற்றன. பணிக்கரின் மைந்தர் நந்தகோபால் உலோகச் சிற்பத்தில் பெரும்புகழ் எய்தினார். பணிக்கர் 1977ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் வகுத்த ஊரோ மறையவில்லை. 2009ஆம் ஆண்டில் அங்கு ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பெற்றது.

சாயம் தோய்த்த கைகளைச் சிலர் இழிவாகக் கருதியிருக்கலாம். ஆனால், அக்கைகள் உழைத்தமையாலேயே அவற்றுக்கு உரியோர் எவர் முன்னும் தாழ்ந்து நிற்கவில்லை; தம் உள்ளம் கண்டதையே வரைந்தனர், செதுக்கினர். பொதுமக்களுக்கென ஒரு கலைப்பணியைத் தொடங்க விழைவோர், பொருள் தருவாரைத் தேடிப் புறப்படுமுன், தம் கைகளை ஒருமுறை நோக்குவாராக!