பார்வையற்ற சிறுவரின் பற்களைப் பேணுதல்

மராட்டிய மாநிலத்துப் புணே நகரில், பார்வையற்றோருக்கான பள்ளியும் இல்லமும் 1934-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றன. சிறுவர் பிரிவு கோரேகாவ் பார்க்கிலும், சிறுமியர் பிரிவு கோத்ரூடிலும் அமைந்துள்ளன. இத்தகைய நிலையங்களில் தங்கி வளரும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் அருகில் இரார். பல் மருத்துவரும் நாள்தோறும் வருவதில்லை. ஆகவே அவர்தம் பற்களின் நலம் பெரிதும் ஆசிரியரையும் விடுதிக் காப்பாளரையுமே சார்ந்துள்ளது.

காயம் நேரும் விதம்

மேல்வரிசையின் நடு முன்பற்கள் 7, 8 வயதில் நிலைப்பற்களாக முளைக்கின்றன. அவற்றை இழந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பார்வையுள்ள சிறுவன் தடையைக் கண்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பார்வையற்றவனுக்கோ அவ்வெச்சரிக்கை கிட்டுவதில்லை. கைத்தடி தரையிலுள்ள தடையை அறிவிக்குமேயன்றி, முகத்தின் உயரத்தில் நீண்டிருக்கும் சன்னற் கதவை அறிவிக்காது. முன்பற்கள் துருத்தியுள்ள பிள்ளைகளுக்கு இடர் இன்னும் மிகுதி.

எனவே, கதவு முழுதும் திறந்திருத்தல் வேண்டும். அன்றேல் முழுதும் சாத்தியிருத்தல் வேண்டும். பெஞ்சு முதலியவற்றை இடம் மாற்றினால், பிள்ளைகளை அழைத்துச் சென்று தொட்டறியச் செய்தல் வேண்டும்.

பல் விழுந்தவுடன் செய்ய வேண்டியவை

நிலைப்பல் வேரோடு பெயர்ந்து விழுந்தால், அது பிழைப்பதும் அழிவதும் அருகிலிருப்பவர் செயலைப் பொறுத்தது. வேரைச் சூழ்ந்துள்ள உயிரணுக்கள் அரை மணி நேரம் உலர்ந்தாலே பெரும்பாலும் மடிந்துவிடும்.

பல்லைத் தேடி எடுத்து, வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடிக்க வேண்டும். அழுக்கிருப்பின் பாலில் அலசலாம். சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. சிறுவனிடம் செய்யப்போவதை முதலில் சொல்லிவிட்டு, பல்லை அதன் குழியிலேயே பொருத்தி, தூய துணியைக் கடித்துக்கொள்ளச் செய்க. இது இயலாதெனின் பல்லைப் பாலில் இட்டு, உடனே பல் மருத்துவரிடம் செல்க. வெறுந்தண்ணீரில் இட்டு வைத்தல் தகாது. பாற்பல்லை மீண்டும் பொருத்துதல் கூடாது. மயக்கமோ தலைக்காயமோ இருப்பின், மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முதற்பணியாகும்.

துலக்கக் கற்பித்தல்

கண்ணாடியில் பார்த்துத் துலக்குவது இப்பிள்ளைகளுக்கு இயலாது. ஆயினும் செவியும் விரலும் நாவும் உள்ளன. கருநாடக மாநிலத்துப் பெளகாவியில் உருவாகி 2012-இல் வெளியிடப்பெற்ற ஒரு முறை இவ்வடிப்படையில் அமைந்தது. முதலில் வாய்மொழியாக விளக்குதல். பின்னர்ப் பல் மாதிரியைத் தொட்டறியச் செய்தல். இறுதியில் பிள்ளையே தன் பற்களைத் துலக்கிக் காட்டுதல் என்பன அதன் படிகள்.

பற்பசையைத் தூரிகையில் இடுவது கடினமாயின், விரல் நுனியில் சிறிது பிதுக்கிப் பல்லில் தடவச் சொல்லலாம். துலக்கியபின் நாவால் தடவிப் பார்க்கட்டும்: வழவழப்பாயின் தூய்மை, சொரசொரப்பாயின் படலம் எஞ்சியுள்ளது. ஈறு கசிந்தால் பார்வையுள்ளோர் நுரையில் சிவப்பைக் காண்பர். இவர்கள் அதன் சுவையால் உணர்வர். அச்சுவையை உணர்ந்தால் மறைக்காமல் ஆசிரியரிடம் கூறவும் பழக்குதல் வேண்டும். நாளுக்கு இருமுறை துலக்குவது வழக்கமாதல் நலம்.

ஆசிரியர் இன்றே தம் வகுப்பறையின் கதவுகளையும் சன்னல்களையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பாராக. பணி அங்கேயே தொடங்குகிறது.