டிவி நகை போய் ஆப் நகை வந்தாச்சு!

2008-ல் டிவி ஷாப்பிங் சேனலான ஹோம்ஷாப்18 வந்த புதிதில், டிவியில் காட்டிய நகை செட்டுக்குப் போன் போட்டு ஆர்டர் கொடுத்தவர்கள் உண்டு. பெரும்பாலும் முலாம் நகை; ஏமாந்தாலும் கையைக் கடிக்காது. இன்று கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு கேரட்லேன், கேண்டியர் போன்ற நகை ஆப்கள் வழியே அசல் தங்கமே போனுக்குள் இருக்கிறது. ஆகவே கவனம் தேவை.

● பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பில்லில் உள்ள எடையும் நகையின் எடையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கல் வைத்த நகையில் கல்லின் எடை தனியே இருக்க வேண்டும். கல்லுக்குத் தங்க விலை கொடுக்காதீர்கள்.

● நகையில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை, 22K916 போன்ற தர எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடான எச்யூஐடி மூன்றும் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைக்கு இதுதான் விதி. அந்த எச்யூஐடியை ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் போட்டால் தூய்மையோடு நகையின் வகையும் தெரியும். கையில் இருப்பது செயின், ஆப் காட்டுவது மோதிரம் என்றால் உடனே திருப்பி அனுப்புங்கள். 2 கிராமுக்குக் குறைந்த மூக்குத்தி, தோடுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. அவற்றைக் கடையில் வாங்குவதே மேல் என்பேன்.

● ‘தள்ளுபடி’ செய்கூலியிலா, தங்க விலையிலா? செய்கூலி சேர்த்து, 3% ஜிஎஸ்டியும் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள்.

பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.